கறைக்கும் ஒரு காரணம் வேண்டும்
மாதிரிக் கப்பல் கட்டுதலும் விளக்கக் கட்டுரை எழுதுதலும்

'எனது பொழுதுபோக்கு' என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு மனப்பாடம். அஞ்சல்தலை சேகரித்தல், புத்தகம் வாசித்தல், பூப்பந்து விளையாடுதல். வாழ்நாளில் ஓர் அஞ்சல்தலையைக்கூட கையில் எடுத்துப் பார்க்காத பிள்ளை, "இது என் அறிவை வளர்க்கிறது" என்று ஒரு பத்தி எழுதியிருக்கும். சென்ற ஆண்டு இப்படி ஒரு கட்டு தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சரி டீச்சர், உங்க பொழுதுபோக்கு என்ன?"

"கப்பல் கட்டுறது" என்றேன். வகுப்பே சிரித்தது.

மறுநாள் ஒரு காலணிப் பெட்டியில் பஞ்சு வைத்து, அதன்மேல் என் கப்பலை வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். 32 சென்டிமீட்டர் நீளம். ஓர் அளவுகோலைவிடச் சற்றே பெரியது. அன்று நடந்த பாடத்தையும், அந்தக் கப்பலைக் கட்டும்போது நான் செய்த பெரிய தவற்றையும் இந்தக் கட்டுரையில் பகிர்கிறேன். விளக்கக் கட்டுரை எழுதப் பயிற்சி எடுக்கும் மாணவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

எந்தக் கப்பல்?

எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல். 1941 டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூருக்கு வந்தது. டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் தரையிறங்கின. அன்று மாலையே இந்தக் கப்பலும் ரிபல்ஸ் என்ற மற்றொரு பெரிய போர்க்கப்பலும் நான்கு நாசகாரிக் கப்பல்களோடு சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டன. பாதுகாப்புக்கு விமானங்கள் உடன் செல்லவில்லை. டிசம்பர் 10ஆம் நாள் நண்பகல் வாக்கில், குவாந்தான் கடற்பகுதியில், ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளாலும் நீர்மூழ்கிக் குண்டுகளாலும் இரண்டும் மூழ்கின. 840 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்டவர்களை உடன் வந்த கப்பல்கள் காப்பாற்றின.

840 என்பது எங்கள் பள்ளியின் திங்கட்கிழமைச் சபைகூடலில் நிற்கும் மொத்த மாணவர்களைவிட அதிகம். இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு நின்றது.

இந்தக் கப்பலின் மாதிரியை டமியா நிறுவனம் 1:700 அளவில் பெட்டியாக விற்கிறது. அந்தப் பெட்டியைத்தான் நான் வாங்கினேன். நம் கடலில் மூழ்கிய கப்பல், என் கைக்குள் அடங்கும் அளவில்.

முதல் பாடம் கணக்குப் பாடம்

1:700 என்றால் அசல் கப்பலில் 700 சென்டிமீட்டர், மாதிரியில் 1 சென்டிமீட்டர். அசல் கப்பலின் நீளம் சுமார் 227 மீட்டர். அதை 700ஆல் வகுத்தால் 32.4 சென்டிமீட்டர் வரும்.

இந்த வகுத்தலை ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிட முடியாது. கட்டி முடிக்கும்வரை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாலுமி இந்த அளவில் 2.4 மில்லிமீட்டர்; கிட்டத்தட்ட ஓர் எள் அளவுதான் இருப்பார். அவர் இடுப்புயரக் கம்பித் தடுப்பு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய பீரங்கியின் குழல்வாய் அசலில் 35.6 சென்டிமீட்டர் அகலம். மாதிரியில் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரிலும் ஒரு துளை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பீரங்கிகள் இந்தக் கப்பலில் பத்து.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியை மாணவர்கள் சிக்கனத்துக்குத்தான் எழுதுவார்கள். எனக்கு அது இந்த மேசையில்தான் நன்றாகப் புரிந்தது. அளக்காமல் வைக்கும் ஒரு சொட்டுச் சாயம்கூட இங்கே பொய் சொல்லிவிடும். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டும் முறை

பெட்டியைத் திறந்தால் நூற்றுக்கணக்கான துண்டுகள் பிளாஸ்டிக் சட்டங்களில் கிளைகளில் காய்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் அவற்றைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது.

பிறகு கூர்மையான நிப்பரால் ஒவ்வொரு துண்டாக வெட்ட வேண்டும். துண்டை ஒட்டியபடியே வெட்டினால் அதில் ஒரு குழி விழும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சமப்படுத்துவதே முறை. இணைப்பதற்கு ஒரு திரவப் பசை உண்டு. உண்மையில் அது ஒட்டுவதில்லை; இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் தவறாக வைத்துவிட்டால் சில நொடிகளுக்குள் சரி செய்தாக வேண்டும். இணைப்பில் கோடு தெரிந்தால் பட்டி பூசி மறுபடியும் தேய்க்க வேண்டும்.

கம்பித் தடுப்புகளை மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்துத் தனியாக விற்கிறார்கள். தலைமுடிக்கு மேல் கொஞ்சம் கனம். அவற்றை இடுக்கியால் வளைத்து ஒட்டுவதற்கு எனக்கு இரண்டு பள்ளி விடுமுறைகள் ஆயின. கொடிமரங்களுக்கு இடையே ஓடும் கயிறுகளுக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். வீணாகும் சட்டத் துண்டை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து, இளகியதும் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால், சிலந்தி நூல்போல ஓர் இழை வரும். முதல் பத்து முறை அறுந்துவிடும். பதினோராவது முறை வரும்.

எல்லாம் முடிந்த பிறகு அடிச்சாயம், அதன்மேல் கப்பலின் நிறம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு அப்போது ஒரே நிறம் இல்லை. எதிரியின் கண்ணைக் குழப்புவதற்காகப் பல நிறத் திட்டுகள் பூசப்பட்டிருந்தன. ஒவ்வொரு திட்டுக்கும் விளிம்பில் நாடா ஒட்டி, சாயம் பூசி, காய்ந்தபின் உரிக்க வேண்டும்.

இதுவரை வந்துவிட்டால் கப்பல் முடிந்ததுபோலத் தெரியும். ஆனால் கடையில் விற்கும் பொம்மைபோல இருக்கும். கடல் அதைத் தொடவே இல்லை. அங்கேதான் அடுத்த வேலை தொடங்குகிறது.

காலக்கறை ஏற்றுதல்

வெயில், மழை, உப்புக்காற்று, புகை, மனிதர்களின் கால்கள் இவையெல்லாம் பட்ட தோற்றத்தைக் கொடுப்பதை இந்தத் துறையினர் 'வெதரிங்' என்பார்கள். வகுப்பில் நான் 'காலக்கறை' என்று சொல்கிறேன். இதற்கான உத்திகள் கடினமானவை அல்ல.

முதலில் கப்பல் முழுவதும் பளபளப்பான தெளிபூச்சு ஒன்று. காய்ந்த பிறகு, எண்ணெய்ச் சாயத்தைத் தின்னரில் தேநீர்போல நீர்க்கக் கரைத்துப் பூச வேண்டும். வழவழப்பான பரப்பில் அது நிற்காது. மூலைகளிலும் தகட்டுக் கோடுகளிலும் போய்த் தங்கும். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் துடைக்கக் கூடாது. மழை பக்கவாட்டில் வழிவதில்லையே.

துரு வழிந்த கோட்டுக்கு, ஊசிமுனை அளவு பழுப்புச் சாயத்தை ஓர் இடத்தில் வைத்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் போதும். கடைசியில் பளபளப்பைக் குறைக்க மங்கல் பூச்சு. தின்னர் வாசம் தலைவலி தரும். சன்னல்களைத் திறந்து, சுவாசக் கவசம் அணிந்து செய்ய வேண்டும். மாணவர்கள் பெரியவர்கள் உடன் இருக்கும்போது மட்டுமே செய்யலாம்.

உத்தி கைவர ஒரு வாரம் போதும். எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டம்.

எங்கே, ஏன்?

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். உப்பு அந்த வேதிவினையை விரைவுபடுத்தும். கடலில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் சாயம் மூடியிருக்கும்வரை இரும்பு தப்பித்துக்கொள்ளும். ஆகவே துருவைத் தேடுபவர், சாயம் எங்கே உரியும் என்று முதலில் தேட வேண்டும்.

நங்கூரச் சங்கிலி ஏறி இறங்கும் துளையில் இரும்போடு இரும்பு உரசுகிறது. சாயம் உரிகிறது. எனவே அங்கிருந்து பழுப்புக் கோடு கீழே வழியும். மேல்தளத்து நீரை வெளியேற்றும் துளைகளின் கீழே அழுக்குக் கோடு இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டி, துறைமுகத்து எண்ணெயும் பாசியும் சேர்ந்து ஒரு கருவளையம் போடும். புகைபோக்கியிலிருந்து வரும் கரி, கப்பல் முன்னே போகும்போது பின்னால்தான் படியும்; ஆகவே பின்பக்கக் கொடிமரத்தின் மேற்பகுதி கறுத்திருக்கும், முன்பக்கம் அப்படி இருக்காது. அலை தெறித்துக் காய்ந்த இடத்தில் வெளிறிய உப்புத்தடம் இருக்கும். தேக்குமரத் தளம் வெயிலில் சாம்பல் நிறமாகும்.

சென்ற தவணை எங்கள் புறப்பாடக் குழுவில் ஒரு மாணவி தன் சிறிய மாதிரிக் கப்பலை மிகுந்த ஆர்வத்தோடு முடித்துக் கொண்டுவந்தாள். அதன் உயிர்காப்புப் படகுகளிலும் துரு. "இந்தப் படகு எதுல செஞ்சதும்மா?" என்று கேட்டேன். பெட்டியில் இருந்த குறிப்பைப் பார்த்தாள். "மரம், டீச்சர்." அவளே சிரித்துவிட்டாள். மரத்துக்குத் துரு பிடிக்காது. துரு அழகாக இருந்தது என்பதால் எல்லா இடத்திலும் வைத்துவிட்டாள். சிரித்தேனே தவிர, அதைவிடப் பெரிய தவற்றை நான் செய்திருந்தேன்.

அப்பா கேட்ட கேள்வி

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை முதல்முறை முடித்தபோது, அதன் இரு பக்கமும் துரு வழிய வழியப் பூசியிருந்தேன். போரில் மூழ்கிய கப்பல், சோகமான கப்பல். பார்த்தவுடன் மனத்தைப் பிசைய வேண்டும் என்று நினைத்தேன். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் பல ஆண்டுகள் கப்பல்களுக்குத் துரு தட்டிச் சாயம் அடித்தவர். பலகையில் தொங்கிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, செந்நிற அடிச்சாயம் பூசும் வேலை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கப்பல்ல எத்தனை பேரும்மா?"

"ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல, அப்பா."

"அத்தனை பேர் இருந்துமா இப்படி விட்டாங்க? எங்க காலத்துல சரக்குக் கப்பல்ல முப்பது நாப்பது பேர்தான் இருப்பாங்க. அதுவே இவ்வளவு மோசமா வராது. சரி, கப்பலுக்கு எத்தனை வயசு?"

வயது! அதை நான் கணக்கிட்டே பார்க்கவில்லை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கடற்படைப் பணியில் சேர்ந்தது 1941 ஜனவரியில். மூழ்கியது அதே ஆண்டு டிசம்பரில். பதினொரு மாதம்கூட நிறையவில்லை.

பிறகு அளவுகோலை எடுத்தேன். நான் பூசிய துருக்கோடு ஒன்று 8 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம். 700ஆல் பெருக்கினால் அசல் கப்பலில் அது 5.6 மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம். ஒரு வீட்டுக் கதவின் அகலத்துக்குத் துரு! அப்படி முப்பது கோடுகள். சிங்கப்பூருக்கு வந்தபோது எடுத்த படங்களை மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன். நான் பூசிய அளவுக்குத் துரு எங்குமே தெரியவில்லை.

அந்தப் பதினொரு மாதங்கள் ஓய்வாகக் கழியவில்லை என்பதும் உண்மை. மே மாதம் அட்லாண்டிக்கில் ஜெர்மனியின் பிஸ்மார்க்கோடு சண்டையிட்டு அடிபட்டது. ஆகஸ்டில் சர்ச்சிலை ஏற்றிக்கொண்டு, ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க நியூஃபவுண்ட்லாந்துக்குச் சென்றது. செப்டம்பரில் மால்டாவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றது. பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றி, கேப் டவுன், கொழும்பு வழியாகச் சிங்கப்பூர். ஆகவே உப்புத்தடம் இருந்திருக்கும், அணியத்தில் அலை மோதி மங்கிய சாயம் இருந்திருக்கும், நங்கூரத்தின் கீழே கொஞ்சம் துரு இருந்திருக்கும். நான் பூசியது அந்தக் கப்பலின் வாழ்க்கையில் இல்லாத ஒன்று. துருப்பிடித்துக் கிழடாகும் அளவுக்கு அதற்கு நாள் கிடைக்கவில்லை.

இதை உணர்ந்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சோகத்தைக் காட்ட நான் துருவைத் தேடினேன். ஆனால் அந்தக் கப்பலின் சோகமே அது புதிதாக இருந்ததில்தான் இருக்கிறது. அதில் இருந்தவர்களில் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள்.

ரிபல்ஸின் கதை வேறு. அது 1916இல் பணியில் சேர்ந்த கப்பல். 25 வயது. அதையும் கட்டுகிறேன். ஒரே நாளில், ஒரே கடலில் மூழ்கிய இரண்டு கப்பல்களுக்கும் ஒரே கறையைப் பூச முடியாது.

கடைசிப் பூச்சு போட்டுவிட்டதால் துருவைத் துடைத்து எடுக்க வழியில்லை. பக்கங்களைத் தேய்த்து, திட்டுகளுக்கு மறுபடியும் நாடா ஒட்டி, முதலிலிருந்து பூசினேன். இரண்டு இடங்களில் கம்பித் தடுப்பு பெயர்ந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாடா வெட்டிக் கொடுத்தார். இப்போது நங்கூரத் துளையின் கீழே மட்டும் ஒரு துருக்கோடு. ஒரு மில்லிமீட்டர் நீளம், அசலில் 70 சென்டிமீட்டர். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். படம் எடுத்து அனுப்பினேன். இந்த முறை அவ்வளவாக யாரும் பாராட்டவில்லை. அப்பா மட்டும், "இப்பத்தான் கப்பல்ல ஆள் இருக்கு" என்றார்.

அசல் கப்பல் இன்றும் குவாந்தான் கடலில் சுமார் 68 மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் மணியை 2002இல் மேலே கொண்டுவந்தார்கள். உள்ளே இருப்பவர்களை யாரும் கொண்டுவரவில்லை. அது அவர்களின் கல்லறை. பழைய இரும்புக்காக அதைத் திருட்டுத்தனமாக உடைத்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அசல் குறைந்துகொண்டே போகும்போது, மாதிரி செய்பவர் உண்மையாக இருக்க வேண்டிய கடமை கூடுகிறது என்று நினைக்கிறேன்.

கட்டுரைக்கு என்ன பயன்?

மாணவர்களே, நீங்கள் கட்டுரையில் சேர்க்கும் அடைமொழிகளும் பழமொழிகளும் என் துருவைப் போன்றவை. அழகாக இருக்கின்றன என்பதற்காக எல்லா இடத்திலும் பூசினால், மரப்படகும் துருப்பிடித்துவிடும். ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எங்கே நடக்கிறது? ஏன் நடக்கிறது? எந்த அளவுக்கு நடக்கிறது?

எடுத்துக்காட்டாக இரண்டு வாக்கியங்கள்:

அ) அந்தக் கப்பல் மிகவும் பழையதாகவும் பரிதாபமாகவும் காட்சியளித்தது.

ஆ) நங்கூரச் சங்கிலி உரசிய இடத்தில் மட்டும் சாயம் உரிந்து, அதன் கீழே ஒரு முழ நீளத்துக்குத் துரு வழிந்திருந்தது.

முதல் வாக்கியம் எந்தக் கப்பலுக்கும் பொருந்தும். இரண்டாவதில் இடம், காரணம், அளவு மூன்றும் இருக்கின்றன. 'மிகவும்', 'பரிதாபம்' என்ற சொற்கள் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. மாதிரியை மேசையில் வைத்துச் சொற்களைக் கற்பிப்பது எளிது. கப்பலின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். மீனவர்கள் வாயில் இன்றும் வாழும் சொற்கள் இவை. சுக்கான், நங்கூரம், பாய்மரம், கலம், நாவாய் என்று தொடரலாம். தொட்டுப் பார்த்துக் கற்ற சொல்லை மாணவர்கள் எளிதில் மறப்பதில்லை.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் நீண்டகாலம் பயன்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மிதிவண்டி, இட்லிச் சட்டி, அம்மி, பள்ளிப்பை எதுவாகவும் இருக்கலாம். அதில் உள்ள ஐந்து கறைகளை அல்லது தேய்மானங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக.

2. அதே பொருளின் நீளத்தை அளந்து, 1:20 அளவில் மாதிரி செய்தால் எவ்வளவு இருக்கும் எனக் கணக்கிடுக. அந்த மாதிரியில் உங்கள் ஐந்து கறைகளில் எவை கண்ணுக்குத் தெரியும்?

3. 'எனது பொழுதுபோக்கு' என்னும் தலைப்பில் 180 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை எழுதுக. நீங்கள் உண்மையில் செய்யும் ஒன்றைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும். அதில் நீங்கள் செய்த ஒரு தவறும், அதைத் திருத்திய விதமும் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது பயிற்சியை என் வகுப்பில் கொடுத்தபோது அஞ்சல்தலைக் கட்டுரை ஒன்றுகூட வரவில்லை. ஒரு மாணவன் தன் தாத்தாவின் மோட்டார் சைக்கிளைத் துடைப்பது பற்றி எழுதியிருந்தான். அதன் எரிபொருள் தொட்டியில் இடப்பக்கம் மட்டும் ஏன் சாயம் தேய்ந்திருக்கிறது என்று ஒரு பத்தி இருந்தது. தாத்தாவின் இடது முழங்கால் சரியாக மடங்காதாம். அது எப்போதும் தொட்டியில் உரசிக்கொண்டே இருக்குமாம். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மதிப்பெண் போட்டேன்.